மேகமாலை ஹோட்டல் பச்சைப் பலகை வாங்கிய கதை

ஏற்காட்டு மலைமேல் மேகமாலை என்று ஒரு பெரிய ஹோட்டல். பளிங்குத் தரை, ஆள் முழுகும் குளியல் தொட்டி, கிட்டப் போனால் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு என்று சகல வசதிகளும் மலையேறி வந்துவிட்டன. அறிவு மட்டும் கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றி அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டது.

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஹோட்டலின் மேனேஜர் குணபூஷணமே சொல்வார். "இங்க எல்லாருக்கும் மூளை கம்மிங்க. எனக்குக் கொஞ்சம் அதிகமாவே கம்மி. அதனாலதான் என்னை மேனேஜராப் போட்டிருக்காங்க" என்பார். தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று மற்றவர்களுக்கு அவர்மேல் அபார மரியாதை.

ஆனால் அவர் தற்காலிக மேனேஜர்தான். முன்பிருந்தவர் ஓய்வு பெற்றபோது, "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பாத்துக்கோ" என்று உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்து காலம் தள்ளிக்கொண்டிருந்தார். தற்காலிகமாக இருப்பவன் முதுகைச் சாய்க்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து முதலாளியம்மா திரிபுரசுந்தரி போன் செய்தார். மண்ணையும் நீரையும் பாழாக்காமல் நடக்கும் ஹோட்டல்களுக்குப் பச்சைப் பலகை என்று ஒன்று தருகிறார்களாம். அதைக் கேட்டில் மாட்டினால் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருவார்களாம். அதற்காகச் சோதனை செய்ய ஓர் அம்மா வரப்போகிறாராம்.

"பலகை வந்தா நீ நிரந்தரம், குணபூஷணம். வரலேன்னா என் நாத்தனார் பையன் வர்றான். புரியுதா?"

"புரியுதுங்கம்மா."

"மூணே விஷயம். நல்ல தண்ணிய தோட்டத்துக்கு விடக் கூடாது, குளிச்ச தண்ணியத்தான் விடணும். சாப்பாடு குப்பைக்குப் போகக் கூடாது. ஆள் இல்லாத இடத்துல விளக்கு எரியக் கூடாது. சொன்னத சொன்னபடி செய்ங்க. தயவுசெஞ்சு யாரும் யோசிக்க வேண்டாம்."

கடைசியாகச் சொன்னதுதான் எல்லோருக்கும் மிகவும் பிடித்திருந்தது. அதை மட்டும் அவர்கள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

முதலில் சாப்பாட்டைக் கையில் எடுத்தவர் சமையல் மாஸ்டர் சிங்காரவேலு. சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பல் டாக்டர், இரவுச் சாப்பாட்டில் பாதி ஊத்தப்பத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை பசியோடு வந்து உட்கார்ந்தவர் முன்னால் மாஸ்டர் பயபக்தியோடு ஒரு தட்டை வைத்து மூடியைத் திறந்தார்.

"என்னய்யா இது?"

"உங்க ஊத்தப்பம் சார். ராத்திரி விட்டுட்டுப் போயிட்டீங்க. பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன்."

"எனக்குப் பொங்கல் கொண்டு வா!"

"இத முடிச்சிருங்க சார், பொங்கல் தர்றேன். எங்க வீட்லயும் இதே சட்டம்தான்."

டாக்டர் கோபித்துக்கொண்டு எழுந்தார். மதியமும் அதே ஊத்தப்பம் வந்தது. இரவு அவர் கடைத்தெருவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால், அறையில் தலையணைக்குப் பக்கத்தில் அது மூடி போட்டுக் காத்திருந்தது. அதற்குள் அது கிழவனாகிவிட்டது, கத்தியால்கூட வெட்ட முடியவில்லை. குப்பைக்கு மட்டும் போகவில்லை என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது தண்ணீர். எலெக்ட்ரீஷியன் மைதீன் பாய்தான் ஹோட்டலில் குழாய் வேலையும் பார்ப்பவர். எல்லாக் குளியலறைத் தண்ணீரும் நேரே தோட்டத்துக்குப் போகும்படி குழாயைத் திருப்பிவிட்டார். வேலை சுத்தமாக இருந்தது. இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் அவர்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்லின் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், மழை பெய்யுது."

"பெய்யட்டும்மா. மலைன்னா பெய்யத்தான் செய்யும்."

"நம்ம தோட்டத்துல பெய்யுது சார்!"

குணபூஷணம் நாற்காலி நுனியிலிருந்து துள்ளி எழுந்தார். உடனே கூட்டம் கூட்டினார்.

"மழைத் தண்ணி நல்ல தண்ணியா, குளிச்ச தண்ணியா?" என்று கேட்டார்.

மைதீன் பாய் ஜன்னல் வழியாக மேலே நெடுநேரம் பார்த்தார். "மேகத்துல யாரும் குளிக்கிற மாதிரி தெரியல சார்."

"போன கோடையில மழைத் தண்ணியக் காய்ச்சித்தானே குடிச்சோம்?" என்றார் மாஸ்டர்.

"அப்ப இது நல்ல தண்ணி. அம்மா தோட்டத்துக்கு விடக் கூடாதுன்னு சொன்ன தண்ணி" என்றார் குணபூஷணம். "பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, மூடுங்க!"

படுக்கை விரிப்பு, திரைச்சீலை, குளியலறைப் பிளாஸ்டிக் திரை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய்த் தோட்டத்தின்மேல் கட்டினார்கள். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. ஊரெல்லாம் வெள்ளக்காடாக இருக்க, மேகமாலை ஹோட்டல் தோட்டம் மட்டும் காய்ந்து வாட ஆரம்பித்தது.

காரணம், அந்தக் குளிரில் விருந்தாளிகள் யாரும் குளிக்கவில்லை. குணபூஷணம் அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டினார்.

"டாக்டர் சார், ஒரு முழுக்குப் போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"நான் குளிச்சா உனக்கென்ன, குளிக்காட்டி உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. ரோஜா வாடுது."

டாக்டர் அன்றே அறையைக் காலி செய்தார். போகும்போது மாஸ்டர் காருக்குப் பின்னால் ஓடி, ஜன்னல் வழியாக ஊத்தப்பத்தை மடியில் வைத்தார்.

வேறு வழியில்லாமல் குணபூஷணம் ஒரு முடிவுக்கு வந்தார். தோட்டம் செத்தால் பலகை போச்சு, பலகை போனால் நாற்காலி போச்சு. "நாமளே குளிப்போம்" என்றார். குரோட்டன்ஸுக்கு மாஸ்டர், புல்தரைக்கு மைதீன் பாய், டேலியாவுக்கு ரோஸ்லின் என்று முறை வைத்துக் குளித்தார்கள். தலைவன் என்பவன் முன்னால் நிற்க வேண்டும் என்று ரோஜாத் தோட்டம் முழுவதையும் குணபூஷணம் தன் தலையில் போட்டுக்கொண்டார். விரல் நுனியெல்லாம் சுருங்கி, மூக்கு ஒழுகி, பல் தந்தியடிக்கும் வரை குளித்தார். அதற்குள் மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனது. அடிவாரத்திலிருந்து லாரியில் தண்ணீர் வரவழைத்துக் குளித்தார்கள்.

"மண்ணக் காப்பாத்துறது இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு நான் நெனக்கவே இல்லீங்க" என்று குணபூஷணம் தும்மிக்கொண்டே சொன்னார்.

மூன்றாவது, விளக்கு. ஆள் வந்தால் தானே எரியும், ஆள் அசையாவிட்டால் தானே அணையும் என்று ஒரு விளக்கை மைதீன் பாய் வரவேற்பறையின் கழிவறையில் மாட்டினார். எல்லோரும் சேர்ந்து கதவைத் திறந்து பார்த்தார்கள். எரிந்தது. மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தார்கள். அப்போதும் எரிந்தது.

"பாய், இது அணையவே மாட்டேங்குதே!" என்றார் குணபூஷணம்.

"நாம இல்லாதப்ப அணைஞ்சிருக்கும் சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலை சார்."

"யாருமே பாக்காதத எப்படி நம்புறது? நாளைக்கு அந்தம்மா கேட்டா என்ன சொல்றது?"

கதவைச் சட்டென்று திறந்து பார்த்தார்கள். விளக்கு அதைவிடச் சட்டென்று எரிந்தது. கதவிடுக்கில் பார்க்கலாம் என்றால், இடுக்கு விடாமல் தச்சன் கச்சிதமாகச் செய்திருந்தான். கடைசியில் யாராவது ஒருவர் உள்ளே அசையாமல் உட்கார்ந்து, விளக்கு அணைகிறதா என்று பார்த்துச் சொல்வது என்று முடிவாயிற்று. மைதீன் பாய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. அதைச் சொல்ல எழுந்தார், எரிந்தது. "இப்ப எரியுதே!" என்றார்கள் மற்றவர்கள். மறுபடி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சோதனை செய்கிற அம்மா வந்து சேர்ந்தார். யாமினி என்று பெயர். கொட்டும் மழையில், மெத்தை விரிப்புப் போர்த்திய தோட்டத்தைக் கடந்து வந்தார். தலை துவட்டாமல், தும்மிக்கொண்டே கும்பிட்ட மேனேஜரைப் பார்த்தார். முகம் கழுவலாம் என்று கழிவறைக் கதவைத் திறந்தார். விளக்கு எரிந்தது. உள்ளே ஸ்டூலில் ஒரு மனிதர் சிலையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க?"

மைதீன் பாய் வாயைத் திறக்கவில்லை. உதடு அசைந்தால் விளக்கு அணையாது அல்லவா?

அந்த அம்மா போட்ட கூச்சல் சேர்வராயன் மலை முழுவதும் கேட்டது. ஆசுவாசப்படுத்தி, தண்ணீர் கொடுத்து, நடந்ததையெல்லாம் குணபூஷணம் ஒளிக்காமல் சொன்னார். கேட்கக் கேட்க யாமினி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இதையெல்லாம் செய்யாம இருந்திருந்தாலே இந்த மலை பொழைச்சிருக்கும். அடுத்த மாசம் திரும்ப வர்றேன். அதுவரைக்கும் உங்களுக்குக் கோடிப் புண்ணியம், எதுவுமே செய்யாதீங்க!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் கூட்டம்.

"எதுவுமே செய்யாம எப்படி சார் இருக்கிறது?" என்றாள் ரோஸ்லின். "உள்ள இருந்தா ஏதாவது செஞ்சிருவோமே. நம்மளப் பத்தி நமக்குத் தெரியாதா?"

குணபூஷணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு தன்னடக்கமா என்று உருகிப்போனார். இருந்த விருந்தாளிகளைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். கேட்டைப் பூட்டினார்கள். வெளியே சாலையோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். உள்ளே போன் மணி அடிக்கும். "அம்மாவாத்தான் இருக்கும்" என்று சந்தோஷப்படுவார்கள். யாரும் போய் எடுக்கவில்லை.

காற்றில் விரிப்பெல்லாம் பறந்துபோய், மழை விழுந்து, தோட்டம் காடாக மண்டிவிட்டது. யாமினி திரும்பி வந்து சுற்றிப் பார்த்தார். தண்ணீர் செலவாகவில்லை. குப்பையில் ஒரு பருக்கை இல்லை. மின்சார மீட்டர் தூங்கிக்கொண்டிருந்தது.

"விருந்தாளிங்க எங்க?"

"அவங்களும் எதுவும் செய்யலீங்க."

ஹோட்டல் என்றால் அதில் ஆள் தங்க வேண்டும் என்று பலகை கொடுக்கிறவர்கள் எந்த விதியிலும் சொல்லவில்லை. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. யாமினி பெருமூச்சு விட்டபடி பச்சைப் பலகையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மலையிறங்கினார். அதைக் கேட்டில் மாட்டிவிட்டுக் குணபூஷணம் முதல் முறையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

மறுநாளே முதலாளியம்மா காரில் வந்து இறங்கினார். பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பூட்டைப் பார்த்ததும் வாடியது.

"உள்ள எத்தன பேர் தங்கியிருக்காங்க?"

"ஒருத்தர்கூட இல்லீங்கம்மா. பலகைக்கு ஒரு குறையும் வராமப் பாத்துக்கிட்டோம்."

"முட்டாள்!"

"ஆமாங்கம்மா."

"உனக்கு இங்க இனிமே வேல இல்ல. எல்லாரும் இந்த நிமிஷமே ஹோட்டலை விட்டு வெளிய போங்க!"

குணபூஷணம் கேட்டில் தொங்கிய பலகையைப் பார்த்தார். பலகையும் வந்து வேலையும் போனால் மனுஷன் என்ன செய்வான்? அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். போகத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

"பாய், நாம ஏற்கெனவே வெளியதானே இருக்கோம்?"

"ஆமா சார். வெளிய இருக்கிறவன் எப்படி வெளிய போறது?"

"மொதல்ல உள்ள போகணும்" என்றார் மாஸ்டர். "அப்பறம்தான் வெளிய போக முடியும்."

அதுதான் நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. பூட்டைத் திறந்து வரிசையாக உள்ளே போனார்கள். வழக்கப்படி கேட்டைப் பூட்டி மைதீன் பாய் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் உள்ளே நடந்து போய்த் திரும்பி, வெளியே போவதற்குத் தயாராக நின்றார்கள். அதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. தெப்பமாக நனைந்துகொண்டு முதலாளியம்மா கேட்டை உலுக்கினார்.

"டேய், யாரும் எங்கயும் போகாதீங்கடா! பூட்டத் திறங்கடா!"

"எங்கயும் போகாம எப்படிங்கம்மா கேட்டுக்கு வர்றது?" என்று அங்கிருந்தே கேட்டார் குணபூஷணம்.

"ஐயோ, நானே ஆளக் கூட்டிட்டு வந்து பூட்ட உடைச்சுக்கிறேன். எங்கயும் போகாத! அங்கயே இரு!"

மைதீன் பாய் மெல்ல மேனேஜர் பக்கம் திரும்பினார். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது.

"சார், அம்மா சொன்னதக் கேட்டீங்களா? எங்கயும் போகாத, அங்கயே இருன்னுட்டாங்க. உங்கள நிரந்தரம் பண்ணிட்டாங்க சார்!"

ரோஸ்லின் ஓவென்று ஆனந்தத்தில் அழுதாள். மாஸ்டர் கைகுலுக்கினார். மழையில் நின்றபடியே எல்லோரும் கை தட்டினார்கள். நிரந்தர மேனேஜர் குணபூஷணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, தன் முதல் உத்தரவைப் போட்டார்.

"மாஸ்டர், பாவம் அம்மா எவ்வளவு நேரமா மழையில நிக்கிறாங்க. பூட்டத் தொடாம, கேட்டுக் கம்பி வழியா அவங்களுக்கு ஒரு குடை குடுத்து அனுப்பி வெச்சிருங்க!"