மழை கேட்டது, முட்டிவலி கேட்டது

"அம்மா, போன்ல நான் எது பேசினாலும் பதிவாகுது. கடைசியா ஒண்ணு சொல்றேன், அது மட்டும் விட்டுப்போகுது," என்றார் குஞ்சிதபாதம்.

ஞானவல்லி அம்மையார் அடுப்பின் முன் உட்கார்ந்து அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். கொள்ளிடக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. குஞ்சிதபாதத்தைவிட வயதில் இளையவர்.

"இது என்ன ரிப்பேர் கடையா? கடைவீதியில ஆள் இருக்கானே," என்றாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த தையல்நாயகி.

"போனேம்மா. போன்ல கோளாறு இல்லைன்னுட்டான்."

"அப்ப பேசுறவர்கிட்ட இருக்கும்."

அம்மையார் சிரிக்கவில்லை.

"யாருக்கு அனுப்புறீங்க?"

"மகளுக்கு. கனடாவுல இருக்கா. வாராவாரம் என் முகம் தெரியுற மாதிரி வீடியோ எடுத்து அனுப்புறேன்."

"கூப்பிட்டே பேசலாமே."

"அவளே கூப்பிடுவா. சாப்பிட்டீங்களான்னு கேப்பா. சாப்பிட்டேம்பேன். அதோட பேச்சு நின்னுடும். வீடியோன்னா யோசிச்சுப் பேசலாம்."

செய்து பார்த்ததை எல்லாம் அவர் வரிசையாகச் சொன்னார். போனின் உறையைக் கழற்றினார். மைக் துளையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் துடைத்தார். புளூடூத்தை அணைத்தார். பழைய வீடியோக்களை அழித்து இடம் உண்டாக்கினார். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்தபடி பேசினார். குறுக்கே பேச வீட்டில் வேறு ஆளும் இல்லை.

அப்படியும், போட்டுப் பார்த்தபோது மழை பெய்தது கேட்டது. முட்டிவலி கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போனது கேட்டது.

கடைசி வாக்கியம் வரும்போது உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"மக ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டா. கடைசியில சத்தம் வரலைப்பா, என்ன சொன்னீங்கன்னு எழுதியிருந்தா."

"என்ன பதில் போட்டீங்க?"

குஞ்சிதபாதம் வாசல் பக்கம் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைன்னு."

தையல்நாயகி நறுக்குவதை நிறுத்தினாள்.

அம்மையார் ஓர் அப்பளத்தை எடுத்து, எண்ணெய் வடிய விட்டு, ஆறியதும் அவரிடம் நீட்டினார்.

"போனை எப்படிப் பிடிப்பீங்களோ, அப்படிப் பிடிங்க. மககிட்டப் பேசுங்க."

"இதுலயா?"

"இதுலதான்."

அவர் கூச்சத்தோடு அதை முகத்துக்கு நேரே பிடித்தார். கீழே சுண்டுவிரலை முட்டுக்கொடுத்தார்.

"அரசி, அப்பா பேசுறேன். நல்லா இருக்கேன். இங்க ரெண்டு நாளா மழை. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன். கொல்லையில ஒரு வாழைத்தார் வெட்டினேன். தின்ன ஆளில்லை, கோயில்ல குடுத்துட்டேன்."

அப்பளம் அப்படியே இருந்தது.

"ஒரு தடவை வந்துட்டுப் போயேம்மா."

அப்பளம் நொறுங்கியது.

"எண்ணிப் பொரிச்சது, சாமி," என்றாள் தையல்நாயகி. குரலில் கோபம் இல்லை.

குஞ்சிதபாதம் துண்டுகளைக் கீழே வைத்தார். போனைக் கையில் எடுத்தார். அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். கை இறுகியது. சுண்டுவிரல் தானாக நகர்ந்து வந்து மைக் துளையை அடைத்தது.

"நானேதானா?" என்றார்.

அம்மையார் போனை வாங்கிச் சாம்பார் வாளியில் சாய்த்து நிறுத்தினார்.

"கையை மடியில வச்சுக்குங்க. இப்பப் பேசுங்க."

பேசினார். பிறகு போட்டுக் கேட்டார்.

மழை கேட்டது. முட்டிவலி கேட்டது. வாழைத்தார் கேட்டது. அதற்குப் பின் ஒரு கிழவரின் குரல், கெஞ்சுவது போல, ஒரு தடவை வந்துட்டுப் போயேம்மா என்றது. ஓர் எழுத்தும் விடுபடவில்லை.

"சரியாயிடுச்சுல்ல? அனுப்பிட்டு வாங்க, இலை போடணும்," என்றாள் தையல்நாயகி.

அவர் அனுப்பவில்லை. விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"இன்னும் கோளாறு இருக்கா?" என்று அம்மையார் கேட்டார்.

"இல்லைம்மா. எல்லாம் தெளிவாக் கேக்குது."

"அப்புறம் என்ன?"

"இதுவரைக்கும் அவ வராததுக்குப் போன்தான் காரணம்னு இருந்துட்டேன். இனிமேலும் வரலைன்னா?"

"அதை அவ சொல்லட்டும்," என்றார் அம்மையார்.