கேள்வி எல்லாம் கடைசியில்

"என் வகுப்புக்கு இந்த வருஷம் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை, அம்மா. நான் என்ன தப்புச் செய்தேன்?"

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார் ஆவுடையப்பன். மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷமாகத் தத்துவப் பாடம் நடத்துகிறவர். அந்தப் பாடத்தையே மூடிவிடுவது என்று தலைமையாசிரியர் நாள் குறித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை. வகுப்பில் ஆளில்லாததால்தான் அவரால் பட்டப்பகலில் மலையேற முடிந்தது.

மலைமேல் இருந்த அந்தச் சாமியாரம்மாவைப் பார்க்க ஏழு ஊர் சனம் வரும். வெட்டுவேன் குத்துவேன் என்று ஏறி வருகிறவன்கூட, அவள் ஒரு பார்வை பார்த்தால், அரிவாளை எதற்குக் கொண்டுவந்தோம் என்று மறந்துபோய், அந்த அரிவாளாலேயே முதுகைச் சொறிந்துகொண்டு இறங்கிவிடுவானாம்.

அந்த அம்மா எழுந்து நின்றாள்.

"உட்காருங்க, சார்."

"சாரா?"

"நான் கோமளவல்லி. உங்ககிட்ட பிளஸ் டூ படிச்சேன். மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம்."

அவருக்கு ஜன்னல் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

"தப்பா நினைச்சுக்காதேம்மா..."

"அது கிடக்கட்டும். ஒரு பாடம் நடத்துங்க. கேட்டு ரொம்ப நாளாச்சு."

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், குரல் தானாகக் கிளம்பிவிட்டது.

"எழுதிக்கோ. தத்துவம் என்பது வாழ்வின் அடிப்படைகளை ஆராயும் துறை. அதன் பிரிவுகள் நான்கு."

கோமளவல்லி கையைத் தூக்கினாள்.

"கேள்வி எல்லாம் கடைசியில். பிரிவு ஒன்று..."

கை இறங்கவில்லை.

"இது அஞ்சு மார்க். அடிக்கோடு போட்டுக்கோ. பிரிவு இரண்டு..."

கை அப்படியே நின்றது. நம்பினால் நம்புங்கள், ஒரு கரிச்சான் குருவி வந்து அவள் விரலில் உட்கார்ந்தது. சுற்றும்முற்றும் பார்த்தது. நல்ல கிளைதான் என்று முடிவுகட்டி, கூட்டுக்குக் குச்சி பொறுக்கப் பறந்து போனது.

நான்காவது பிரிவும் முடிந்தது. ஆவுடையப்பன் திருப்தியாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ம். இப்போ கேள்."

கீழே பள்ளிக்கூடத்தில் தண்டவாளத் துண்டை அடித்தார்கள். பள்ளி விடும் நீள மணி. நாலேகால்.

கோமளவல்லி கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மணி அடிச்சிருச்சு, சார்."

முப்பது வருஷத்து மணியும் ஒன்றாக ஆவுடையப்பன் காதில் விழுந்தது. தூக்கிய கைகள் வரிசை வரிசையாகக் கண்ணில் நின்றன. ஒன்றுக்கும் முகம் இல்லை.

"அடிச்சா அடிக்கட்டும்," என்றார். "நான் எங்கேயும் போகலை. அன்னிக்கு என்ன கேட்க நினைச்சே, தாயி? இப்போ கேளு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். குச்சியோடு திரும்பி வந்த கரிச்சான், கிளையைக் காணாமல் அவர்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது.

"மறந்துபோச்சு, சார். அதைத் தேடிக்கிட்டுத்தான் இந்த மலைக்கே வந்தேன்."