பூவாத்தாளும் இரண்டு இருட்டு வாய்களும்

சூரியனுக்கே இன்னும் பேர் வைக்காத காலம் அது. அப்போது வானத்தில் பால்சுழி நாடு என்று ஒரு நாடு மிதந்துகொண்டிருந்தது. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள். நட்டநடுவில் ஒரு பூதம், பேர் கருவாயன். உடம்பு கிடையாது, ஒரே தலை. தலையில் முக்கால்வாசி வாய். கன்னங்கரேல் என்று இருப்பான். ஆனால் தின்ன ஆரம்பித்தால், வாயைச் சுற்றிச் சுழலும் சாப்பாடு பற்றி எரிந்து நாடே பகலாகிவிடும்.

அந்த நாட்டில் நட்சத்திரம் மேய்க்கிறவள் பூவாத்தாள். அவள் மந்தையில் கடைக்குட்டி நீலி. அவள் கண்ணெதிரே மேகத்தில் பிறந்த நீல நட்சத்திரம். அவள் நடந்தால் நடக்கும், நின்றால் முதுகில் முட்டும்.

ஒரு நாள் இன்னொரு நாடு மிதந்து மிதந்து கிட்டே வந்தது. செஞ்சுழி நாடு. அதன் நடுவிலும் ஒரு பூதம், இருள்வாயன். அவனும் எரிந்துகொண்டிருந்தான்.

"ஐயோ, நம்மைத் தின்ன வர்றான்! நம்ம பூதத்துக்கு இன்னும் தீனி போடுங்க, எரியறதைப் பாத்து அவன் மிரளட்டும்!" என்று பால்சுழி ராசா கத்தினார்.

மேகம் மேகமாகப் போட்டார்கள். கருவாயன் இன்னும் எரிந்தான். அதைப் பார்த்து மிரண்ட செஞ்சுழிக்காரர்கள் தங்கள் பூதத்துக்குப் போட்டார்கள். அவனும் இன்னும் எரிந்தான். இவர்கள் போட, அவர்கள் போட, மறுபடி இவர்கள் போட, மேகம் தீர்ந்துகொண்டே வந்தது. நட்சத்திரத்தில் கை வைத்தார்கள்.

"பூவாத்தா, நாளைக்கு உன் நீலியைக் கொண்டு வா" என்றார் ராசா.

"முதல்ல உங்க கிரீடத்தை அவன் வாயில போடுங்க ராசா" என்றாள். நீலியைக் கூட்டிக்கொண்டு நேரே கருவாயனிடம் போனாள்.

"யோவ், திங்கறதை நிறுத்து."

"நிறுத்தினா செத்துடுவேன். யாரோ ஒரு மந்திரவாதி அப்படித்தான் காதுல ஓதிட்டுப் போனான்."

"அந்தப் பக்கம் இருக்கறவனைப் பாத்திருக்கியா?"

"எங்கே பாக்கிறது? என் வெளிச்சமே என் கண்ணைக் கூசுது."

இருள்வாயனிடம் போனாள். அங்கேயும் அதே பாட்டு. நிறுத்தினால் சாவானாம். மந்திரவாதி ஓதினானாம். கண் கூசுதாம்.

பூவாத்தாளுக்குப் பொறுமை போயிற்று. இரண்டு பேருக்கும் நடுவில் நீலியோடு போய் நின்றாள்.

"மூணே மூணு வாய் சாப்பாட்டை விடுங்க, ரெண்டு பேரும்! எவனுக்கு உயிர் போற மாதிரி இருக்கோ, அவன் எங்களை முழுங்கிக்கோ. இங்கேதான் நிக்கிறோம்." குரல் கெட்டியாக இருந்தது.

முதல் வாய் விட்டார்கள். வயிறே இல்லாத இடத்தில் உறுமல் கேட்டது.

இரண்டாம் வாய் விட்டார்கள். நெருப்பு தணலாயிற்று.

மூன்றாம் வாயில் கருவாயன் அலறினான். "போகுது, உயிர் போகுது!" வாய் பிளந்தது. நீலியின் ஓரம் நூல்நூலாக அவன் பக்கம் இழுபட்டது.

பூவாத்தாள் நீலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் பொறு, பயந்தாங்கொள்ளி!"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். தணல் அணைந்தது.

இருட்டு. அவ்வளவு மெத்தென்ற இருட்டை அந்த வானம் கண்டதே இல்லை. நீலியின் வெளிச்சம் மட்டும் இரண்டு பக்கமும் மெல்லப் போய், வளைந்து, இரண்டு கரிய தலைகளையும் சுற்றி நீல வளையமாய் நின்றது.

"அட, நீயும் என்னை மாதிரிதானா?" என்றான் கருவாயன்.

"இரு, நான் சாகலையே?" என்றான் இருள்வாயன்.

"நானும் சாகலைடா!"

அவ்வளவுதான். மந்திரம் உடைந்தது. பூதங்கள் ஒன்றையொன்று சுற்றின. சுற்றிச் சுற்றி, கிட்டே கிட்டே வந்து, கடைசிச் சுற்றில் ஒன்றாகிப் போயின. அந்த அசைவில் வானம் முழுக்கத் தூளி மாதிரி ஆடியது.

தின்ன ஆளில்லாமல் மிச்சமிருந்த இரண்டு நாட்டு மேகமும் கலந்தது. கலந்த இடமெல்லாம் குட்டி நட்சத்திரங்கள். நூறு, ஆயிரம், லட்சம். எல்லாம் திசைக்கொன்றாய் ஓடின. நீலி அத்தனைக்கும் அக்காவாகித் துள்ளியது.

ராசா மூச்சிரைக்க ஓடி வந்தார். "பூவாத்தா, உனக்கு என்ன பரிசு வேணும்? கேள்!"

"பேசிட்டு நிக்காதீங்க ராசா! அந்தக் கும்பல் ஓடுது பாருங்க, போய் மடக்குங்க!"

ராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். பூவாத்தாள் நீலியை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். நீங்களும் போய்ப் படுங்கள்.