எழுதாத சீட்டு

எபநேசர்விளையில் ஒரு சீடர் இருந்தார். வயது அறுபத்தாறு. அவருடைய குருவுக்கு நாற்பத்தாறு.

சீடரின் பெயர் வேதமாணிக்கம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு, ஊர்ச் சபையின் உபதேசியார் கிரேனாபாய். பாதிரியாரான ஐயர் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவதும், வீடு வீடாகப் போய் விசாரிப்பதும், சாவு விழுந்தால் துணைக்கு நிற்பதும் உபதேசியாரம்மாதான். ஒரு காலத்தில் வேதமாணிக்கத்திடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்.

மாசி மாதம் வேதமாணிக்கத்தின் மனைவி பாக்கியம் இறந்துபோனார். சித்திரையில் வேதமாணிக்கம் உபதேசியாரம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஜெபம் பண்ணச் சொல்லித் தரணும்மா."

"உங்களுக்கு நான் சொல்லித் தரவா? உங்க வகுப்புல பெஞ்சு மேல ஏறி நின்னவ சார் நான்."

"ஏறச் சொன்னது ஞாபகம் இருக்கு. எதுக்குன்னுதான் ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு," என்று சிரித்தார் உபதேசியாரம்மா. "காலைல அஞ்சரைக்குக் கோயில் மணி அடிக்க வாங்க."

பாடம் அவ்வளவுதான். மூன்று மாதமாக வேதமாணிக்கம் மணி அடித்தார், பாய் விரித்தார், விரித்த பாயைச் சுருட்டினார். ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரப்படவில்லை. ஆனாலும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்திருந்தது. அந்த மட்டில் அவருக்கும் குறை ஒன்றும் இல்லை.

ஆடியில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது.

வருஷம் முழுக்க ஆண்டவர் செய்த நன்மைகளுக்கு ஊர் கூடி நன்றி சொல்லும் நாள் அது. எபநேசர்விளையில் அதற்கென்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்கு நடந்த ஒரு நன்மையைச் சீட்டில் எழுதி, முந்தின நாளே பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆராதனையில் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபையார் 'ஸ்தோத்திரம்' என்பார்கள். எழுதின வீட்டார் மட்டும் வாய் திறக்கக் கூடாது. தலை குனிந்து நிற்க வேண்டும். யார் வைத்த முறை என்று யாருக்கும் தெரியாது. மீறினவர்களும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் உபதேசியாரம்மா பெட்டியைக் கொண்டுவந்து வேதமாணிக்கத்தின் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு நீங்கதான் வாசிக்கணும் சார். இதுவரைக்கும் வந்த சீட்டை ஒரு தடவை பாத்துக்கோங்க."

"எழுதினவங்க ஏம்மா ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது? நன்மை அவங்களுக்குத்தானே நடந்துச்சு?"

"வாசிச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். மறுநாள் அசனத்துக்கு, அதாவது ஊர் முழுக்க ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு, பெண்கள் பந்தலில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் கை சும்மா இருக்குமா? சீட்டுகளை மேஜையில் கொட்டினார். சட்டையில் எப்போதும் இருக்கிற சிவப்புப் பேனாவை எடுத்து எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். அப்புறம் தரம் பிரித்தார். வெளிநாட்டு வேலை, கல்யாணம், பரீட்சையில் தேறினது எல்லாம் முதல் அடுக்கு. கிணற்றில் தண்ணீர் ஊறினது, மாடு கன்று போட்டது எல்லாம் இரண்டாவது. காணாமல்போன கோழி திரும்பி வந்தது, மாமியார் ஒரு மாதம் மகள் வீட்டில் போய் இருந்தது, இந்த மாதிரி எல்லாம் கடைசி பெஞ்சு. காற்று பலமாக இருந்ததால் ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி வைத்தார்.

அப்போது அந்தச் சீட்டு கையில் வந்தது.

'எங்கள் தாயார் ஞானப்பூ ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாய் வீடு திரும்பினதற்காக.'

ஞானப்பூவும் பாக்கியமும் ஒரே வாரத்தில் ஒரே காய்ச்சலில் படுத்தவர்கள். ஒரே ஆஸ்பத்திரி, அடுத்தடுத்த கட்டில். முதல் மூன்று நாள் பாக்கியம்தான் தெம்பாக இருந்தார். எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஞானப்பூவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டதே அவர்தான். நான்காம் நாள் எல்லாம் மாறிவிட்டது. எட்டாம் நாள் ஞானப்பூ வீட்டுக்கு வந்தார். பாக்கியமும் அன்றைக்குத்தான் வந்தார், வேறு வண்டியில்.

வேதமாணிக்கம் அந்தச் சீட்டை எந்த அடுக்கிலும் வைக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உபதேசியாரம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க சார்."

"மனசு வராதவன் ஸ்தோத்திரம்னு சொன்னா அது பொய்தானே?"

உபதேசியாரம்மா மேஜையில் இருந்த மூன்று அடுக்கையும் பார்த்தார். மேலே இருந்த சீட்டு ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இதென்ன, சிவப்பு மை?"

"பிழை இருந்துச்சு. திருத்தினேன்."

"எத்தனை மார்க்கு போட்டீங்க?"

வேதமாணிக்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சமாதானம் சொல்வதற்குள் உபதேசியாரம்மா மூன்று அடுக்கையும் வாரிப் பெட்டியில் போட்டார். மூடியைச் சாத்தினார். இரண்டு கையாலும் தூக்கி நன்றாகக் குலுக்கினார்.

"மூணு மணி நேரத்து வேலைம்மா!"

"தெரியும் சார். உங்க வீட்டுச் சீட்டு எங்க?"

"எழுதல."

"வீட்டுக்கு ஒண்ணு போடணும்."

"எழுத எனக்கு என்ன இருக்கு?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. பந்தலில் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. "ஊரார் நன்மையெல்லாம் நான் நின்னு வாசிக்கணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு வாசிக்கப் பாக்கேன். முடியலைன்னா நாளையோட சரி. மணி அடிக்க வர மாட்டேன். இந்தக் கோயில் படியே மிதிக்க மாட்டேன்."

"சரி சார். அதை நாளைக்குச் சாப்பிடும்போது பேசிக்கிடுவோம். இப்பச் சீட்டைப் போடுங்க."

அவர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். ஒன்றும் எழுதாமல் நான்காக மடித்துப் பெட்டியில் திணித்தார். உபதேசியாரம்மா அதைப் பார்த்தார். சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காகித நுனியையும் பார்த்தார். பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பண்டிகைக்கென்று வெளியூரிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் வேதமாணிக்கம் பெட்டியோடு முன்னால் வந்து நின்றார்.

முதலில் வந்தது வெளிநாட்டு வேலை. ஸ்தோத்திரம். அடுத்தது கோழி. அதற்குச் சபையார் போட்ட சத்தத்தில் அவரே திகைத்துப்போனார். நாலு நாள் ஊரே தேடின கோழி என்று அவருக்குத் தெரியாது. அப்புறம் கல்யாணம், கிணறு, பரீட்சை. மாமியார் மகள் வீட்டுக்குப் போன சீட்டை அவர் தயங்கித் தயங்கித்தான் வாசித்தார். சபையார் சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் என்றார்கள். மாமியாரும் அதே வீட்டார் என்பதால் வாய் திறக்க முடியாமல் மருமகளின் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். குனிந்த முகத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேதமாணிக்கத்துக்கு மெல்ல மெல்லக் குரல் சீரானது. உள்ளதைச் சொன்னால், வாசிப்பது அவருக்குப் பிடித்துக்கூடப் போயிற்று. நான்காக மடித்த சீட்டு விரலில் தட்டுப்படும்போதெல்லாம் அதை அடியில் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தார்.

மூன்றாவது வரிசையில் ஞானப்பூ நின்றார். ஒவ்வொரு சீட்டு எடுக்கும்போதும் இது நம்முடையதுதான் என்று தலை குனிந்தார். வேறு வீட்டுப் பெயர் வந்ததும் நிமிர்ந்து, சந்தோஷமாக ஸ்தோத்திரம் என்றார். மறுபடி குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார். பெட்டியில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சினபோது, பின்னால் திரும்பி ஆண்கள் பக்கம் நின்ற மகனைப் பார்த்து, போட்டாயா என்று கையால் கேட்டார். மகன் போட்டேன் என்று தலையாட்டினான். ஞானப்பூ யாரையும் நொந்துகொள்ளவில்லை. நம் வீட்டுச் சீட்டு எங்கோ விட்டுப்போயிற்று என்று நினைத்தவராக முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

வேதமாணிக்கத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"எங்கள் தாயார் ஞானப்பூ," என்று ஆரம்பித்தார். தண்ணீரை விழுங்குகிற மாதிரி எதையோ விழுங்கினார். "ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாய் வீடு திரும்பினதற்காக."

ஸ்தோத்திரம் என்றார்கள் சபையார். ஞானப்பூ வீட்டார் சொல்லவில்லை. வேதமாணிக்கமும் சொல்லவில்லை. சொல்லத்தான் பார்த்தார். உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

பிறகு கடைசிச் சீட்டை எடுத்தார். நான்கு மடிப்பையும் பிரித்தார்.

"வேதமாணிக்கம் வீடு," என்றார்.

அதற்கு மேல் வாசிக்க ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வெளியே காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் கையில் வெறுந்தாளைப் பிடித்தபடி நின்றார். இப்படியே இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு காலைக்கூட எடுத்து வைத்துவிட்டார்.

"ஸ்தோத்திரம்," என்றது ஒரு குரல்.

ஞானப்பூ. கண்களில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஸ்தோத்திரம்," என்றார் அவர் பக்கத்தில் நின்ற பெண். பிறகு கோழி வீட்டார், மாமியார், மருமகள், வெளியூர்க்காரர்கள். பிறகு கோயில் முழுக்க. கோழிக்குப் போட்ட சத்தத்தைவிட அது பெரிதாக இருந்தது.

நான் ஒன்றும் எழுதவில்லை என்று சொல்ல வேதமாணிக்கம் வாயைத் திறந்தார். கடைசி வரிசையில் நின்ற உபதேசியாரம்மா உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

எழுதின வீட்டார் வாய் திறக்கக் கூடாது. அவர் தலை குனிந்துகொண்டார். வெறுந்தாள் நனைந்தது. பாக்கியம் போன பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு மூச்சு முழுதாக வந்தது.

அசனப் பந்தலில் இலை போட்டார்கள். சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. வேதமாணிக்கம் பசியோடு சாப்பிட்டார். சாம்பார் வாளியோடு வந்த ஞானப்பூ அவர் இலைக்கு முன்னால் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா அண்ணாச்சி?"

"ஊத்தும்மா."

ஞானப்பூ ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். எதிர் இலையில் உபதேசியாரம்மா வந்து உட்கார்ந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க சார்."

"என் சீட்டுல ஒண்ணுமே இல்லையே. அத்தனை பேரும் எதுக்காக ஸ்தோத்திரம் சொன்னாங்க?"

உபதேசியாரம்மா சோற்றைப் பிசைந்தார்.

"என் பக்கத்துல லீதியாள்னு ஒரு பிள்ளை உக்காந்திருப்பா. ஞாபகம் இருக்கா சார்?"

"அம்மா செத்துப்போன பிள்ளை."

"ஆமா. அம்மா செத்த பிறகு அவ பள்ளிக்கூடத்துக்கே வரல. ஒரு நாள் நீங்க பேரு கூப்பிட்டீங்க. அவ இடம் சும்மா கிடந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. அவளுக்குப் பதிலா எந்திச்சு 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லிட்டேன்."

வேதமாணிக்கத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அதுக்கா உன்னைப் பெஞ்சு மேல ஏத்தினேன்?"

"ஆமா சார். பொய் சொன்னேன்னு."

அவர் கையை இலையோரத்தில் வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"முப்பத்தாறு வருஷமா அந்தப் பெஞ்சு மேலயே நிக்கேன்," என்றார் உபதேசியாரம்மா. "இறங்கட்டுமா சார்?"