முதலாளியின் தலைவலி

புதுச்சேரிக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் முதலாளி ராஜரத்தினம் ஒரு நாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நேத்து நீ ஊத்தின ஒயின்ல, கெடாம இருக்கச் சேர்க்கிற சல்ஃபைட் மருந்து! தலை வெடிக்குது. சாயங்கால விருந்துக்கு அது துளியும் இல்லாத ஒயின் வரணும். இல்லேன்னா உன் வேலை போச்சு!"

பரிமாறும் பெலிசிதா திகைத்தாள். திராட்சை புளிக்கும்போதே கொஞ்சம் சல்ஃபைட் தானாக உண்டாகிவிடுமே! துளியும் இல்லாத ஒயினுக்கு எங்கே போவது?

மாலையில் விருந்தாளிகள் நடுவே முதலாளி உட்கார்ந்தார்.

"ஐயாவுக்கு ஆஸ்துமா, இழுப்பு ஏதாவது உண்டுங்களா?" என்று பெலிசிதா முதலில் விசாரித்தாள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சல்ஃபைட் ஆகாது.

"எனக்கா? கருங்கல்லாட்டம் இருக்கேன்!"

"அப்போ ஒயின் வர்ற வரைக்கும் இதைக் கொறிங்க" என்று பொன்னிற உலர்திராட்சையைத் தட்டு நிறைய வைத்தாள். அவர் பேசிக்கொண்டே தட்டைக் காலி செய்தார்.

"தலை எப்படி இருக்குங்க?"

"ஜோரா இருக்கு. ஒயின் எங்கே?"

அவள் திராட்சைப் பாக்கெட்டை நீட்டினாள். சல்ஃபைட் சேர்த்தது என்று அதில் அச்சடித்திருந்தது. "ஒயினைவிட இதுல அதிகமுங்க. இதுக்கே வலிக்காத தலை..."

"நேத்து குடிச்ச ரெண்டு பாட்டிலுக்கு வலிச்சிருக்கு!" என்றார் முதலாளியின் மனைவி. "அதே ஒயின்ல நான் ஒரு கிளாஸோட நிறுத்தினேன். நல்லாத்தானே இருக்கேன்?"

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி, எனக்கு மோர் கொண்டு வாம்மா."

"இதோங்க ஐயா. நீங்க காலையில கேட்டபடியே, சல்ஃபைட் துளியும் இல்லாம!"