குடை வாங்காத வாடிக்கையாளர்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு கதவைத் தட்டுவார்கள். கதவு திறந்ததும் நீங்கள் சிரிக்கலாம், அதற்கு முழு உத்தரவாதம் உண்டு. அதுவரைக்கும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். இதில் வரும் மூன்று பேரும் ரொம்பப் பெரிய வேலையில் இருக்கிறார்கள். நடுவில் யாராவது களுக்கென்று சத்தம் போட்டால் அவர்களுக்கு எண்ணிக்கை விட்டுப்போகும்.

கொம்பங்குளத்து இசக்கியப்பனிடம் பதினொரு பெயர்கள் இருந்தன. பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர் இல்லை. இணையத்தில் கடை போடுகிறவர்கள் முதலில் ஒரு பெயரை வாங்கிப் பதிந்து வைப்பார்கள், டொமைன் என்பார்களே, அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடித் தள்ளுபடியில், ஒரே மத்தியானத்தில் பதினொன்றையும் வாங்கிப் போட்டார். நல்ல பெயராக வாங்கி வைத்தால் பின்னால் பெரிய கம்பெனிக்காரன் வீடு தேடி வந்து கேட்பான் என்று செல்போன் வீடியோவில் ஒருத்தர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார். வீடு தேடி வருகிறவன் உட்கார வேண்டாமா? அன்றைக்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, சுற்றியிருந்த பாலிதீனைக்கூடப் பிரிக்காமல் முன்னறையில் போட்டார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதில் உட்கார்ந்தது இல்லை. கம்பெனிக்காரனும் உட்காரவில்லை.

அந்த முன்னறைக்கு மேலத்தெருப் பக்கம் தனியாக ஒரு வாசல். வீட்டின் தலைவாசல் முக்குத் திரும்பிப் பிள்ளையார்கோவில் தெருவில், பதினாலாம் நம்பர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தட்டப்போவது அந்தக் கதவைத்தான்.

அறைக்குத்தான் இப்போது ஆபத்து. இசக்கியப்பனின் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் முறுக்குச் சுட்டு ஏழு கடைக்குப் போடுகிறவள். அடுக்களையில் இடம் பத்தவில்லை. பெரிய அடுப்பு ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்து, புருஷனிடம் முடிவாகச் சொன்னாள். புரட்டாசி கடைசி வெள்ளி வரைக்கும் தவணை. அதற்குள் அந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்றை வைத்து ஒரு வியாபாரம் நடக்க வேண்டும். வேற்றாள் ஒருத்தர் ஒரே ஒரு சாமான் வாங்கினாலும் போதும், அறை அவருக்கு. இல்லையென்றால் கம்ப்யூட்டர் மேசை வெளியே, முறுக்கு அடுப்பு உள்ளே.

இசக்கியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறையில் உட்கார்ந்தால்தான் அவர் முதலாளி. அறையை விட்டு வெளியே வந்தால் முறுக்குக்காரி புருஷன்.

உடனே சபை கூடியது. அவரையும் சேர்த்து மூன்று பேர். சகலை கொம்பையா, ஒரு காலத்தில் குடைக்கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது மிஞ்சிய அறுபது குடை அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. இன்னொருத்தர் கல்யாணப் பந்தல் போடுகிற மாசானம். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் யார் கூப்பிட்டாலும் வருகிற நிலையில் இருந்தார்.

பதினொன்றில் ஏழாவதாக வாங்கியது 'கொம்பங்குளம்குடை டாட் காம்'. குடையும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது, ஐப்பசி மழையும் வரப்போகிறது. வேறு யாராக இருந்தாலும் அஞ்சு நிமிஷத்தில் முடித்திருப்பார்கள். இவர்கள் ரெண்டு நாள் பேசினார்கள்.

"முதல்ல வாங்கின பேரு எது?" என்று கேட்டார் மாசானம்.

"ஒட்டகம் டாட் இன். ஏன்?"

"மூத்தது வீட்ல இருக்க, ஏழாவதுக்கு எப்படி அண்ணாச்சி நல்லது பண்ணுவிய? ஊரு என்ன பேசும்?"

இசக்கியப்பன் ஆடிப்போனார். நியாயம்தானே. ஒட்டகத்துக்கு ஒரு வழி பண்ணாமல் குடைக்குப் பண்ணினால் ஒட்டகம் காலத்துக்கும் அப்படியே நின்றுவிடாதா? கடைசியில் கொம்பையாதான் வழி கண்டுபிடித்தார். ஒட்டகப் பக்கத்தில் ஓர் ஒட்டகத்தின் படத்தைப் போட்டு, கீழே 'நிச்சயம் ஆகிவிட்டது' என்று எழுதிவிடுவது. இடையில் இருந்த மற்ற அஞ்சுக்கும் அதே மாதிரி எழுதியாயிற்று. அப்புறம்தான் குடையைத் தொட்டார்கள்.

கடைப்பக்கத்தை அமைத்துக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற ஜெபக்கனி. பொறுமைசாலி. மூன்று காரியத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். பக்கத்தைத் திறந்தால் அடியில் ஓர் எண் தெரியும், யாராவது வந்து பார்த்தால் ஒன்று கூடும், வந்தவர் எந்த ஊர், எத்தனை மணி என்றும் காட்டும், அதை அடிக்கடி கவனிக்க வேண்டும். இரண்டாவது, வருகிறவர்கள் மனசு கோணாமல் நடக்க வேண்டும். மூன்றாவது, ஆர்டர் வந்தால் மணி அடிக்கும், சீட்டு வரும், சீட்டில் என்ன பெயர், என்ன முகவரி இருக்கிறதோ அங்கேதான் கொண்டுபோக வேண்டும்.

"நீங்களா ஒரு எழுத்தைக்கூட மாத்தப்படாது அண்ணாச்சி. கதவத் தட்டி, பேரக் கேட்டு, அவுங்கதானான்னு உறுதி பண்ணிட்டுத்தான் கையில கொடுக்கணும். தெரிஞ்ச ஆளா இருந்தாலும் கேக்கணும்."

மூன்று பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கடை திறந்த அன்று காலை ஒன்பது மணி. யாராவது வந்திருக்கிறார்களா என்று இசக்கியப்பன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எண் ஒன்று. கொம்பையாவைக் கூப்பிட்டுக் காட்டத் திறந்தார், ரெண்டு. மாசானத்துக்குக் காட்டத் திறந்தார், மூணு.

"நாம பேசிக்கிட்டு இருக்கையிலேயே மூணு பேரு வந்திருக்கான் சகலை" என்றார், குரலைத் தாழ்த்தி.

"ஏன் மெதுவாப் பேசுதீரு?"

"உள்ள இருப்பான்லா."

கொம்பையா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது. ஆள் வந்திருக்கும்போது இப்படியா நிற்பது? மனசு கோணாதா? அன்றைக்கே சட்டம் போட்டார்கள். எண் கூடினால் இசக்கியப்பன் எழுந்து வேட்டியை இறக்கி விட வேண்டும். வேட்டி இறங்கியதும் மாசானம் பன்னீர்ச் செம்பை எடுத்துத் தெளிக்க வேண்டும். செம்புக்குக் குறைவில்லை, மாசானத்திடம் கல்யாண வீட்டுச் செம்பு ஒன்பது இருந்தது. கம்ப்யூட்டர் ஈரமாகக் கூடாதென்று அதன் மேல் ஒரு குடையை விரித்துக் கட்டினார்கள்.

ஒரு வாரம் போயிற்று. எண் முந்நூறைத் தாண்டியது. வாங்கத்தான் யாருமில்லை. அப்போதுதான் மாசானம் ஒன்றைக் கவனித்தார். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே ஊர் போட்டிருந்தது, கொம்பங்குளம்.

"எல்லாரும் இல்ல. ஒரே ஆளுதான்" என்றார் இசக்கியப்பன். நேரத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். காலை ஒன்பதுக்கு வருகிறான். ஒரு மணிக்குப் போகிறான். மூணு மணி வரைக்கும் ஆளைக் காணோம். திரும்ப ஆறு மணி வரைக்கும் வந்து வந்து போகிறான். ராகுகாலத்தில் மட்டும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இசக்கியப்பனுக்கு அவன்மேல் ரொம்ப மதிப்பு வந்துவிட்டது. இந்தக் காலத்தில் நேரங்காலம் பார்த்து நடக்கிறவன் எத்தனை பேர்? அவரே ராகுகாலத்தில் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். அவனும் தன்னைப் போல ஒருத்தன் என்று நினைக்க நினைக்க, பார்க்காமலே பாசம் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது அவன் சாப்பிட்டிருப்பானா என்று கவலைப்பட்டார்.

ஒருநாள் அவனுக்கென்றே கடைப்பக்கத்தின் உச்சியில் எழுதினார்: 'ஐயா, தாங்கள் தினமும் வருவது தெரிகிறது. கூச்சப்பட வேண்டாம். தாங்கள் யார்?' எழுதிவிட்டு, வாசித்தானா என்று திறந்து பார்த்தார். எண் கூடியிருந்தது. வாசித்துவிட்டான், பதில்தான் இல்லை. இன்னொரு தடவை திறந்தார். மறுபடியும் கூடியிருந்தது.

"ரெண்டு தடவ வாசிச்சிருக்கான். பேசமாட்டேங்கான்."

"நேர்ல போயி அழைக்கலைன்னு வருத்தமா இருக்கும்வே. எங்க அத்தான் இப்படித்தான், பத்திரிகையத் தபால்ல போட்டதுக்குப் பதிமூணு வருஷம் பேசல" என்றார் கொம்பையா.

அதுவும் சரிதான் என்று வெற்றிலை பாக்குத் தட்டோடு மூன்று பேரும் வீடு வீடாகப் போனார்கள். தினமும் எங்கள் கடைக்கு வந்து குடை பார்க்கிறது நீங்களா என்று கேட்டார்கள். ஊரில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. தபால்காரர் மட்டும், எந்தக் குடை என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவர்தானோ என்ற சந்தேகத்தில் நாலு நாள் இவர்கள் பின்தொடர்ந்து வருவதைச் சகித்துக்கொண்டார்.

இருபதாவது நாள் ஒரு போன் வந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், கடைப்பக்கத்தில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு அறுபது குடை வேண்டுமாம், உடனே வேண்டுமாம். போனை எடுத்தவர் மாசானம்.

"தாராளமாத் தாரோம்மா. ஆனா முதப் போணி ஆகல்லியே. இங்க ஒருத்தரு இருபது நாளா வந்துக்கிட்டு இருக்காரு. அவரு வாங்கட்டும், அப்புறமா நீங்க வாங்க. வந்த வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

அந்த அம்மா போனை வைத்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட இசக்கியப்பன் மாசானத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அறை போனாலும் போகட்டும், அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தருக்குப் போணி பண்ண அவருக்கு மனசு வராது.

கடைசி வெள்ளியும் வந்துவிட்டது. எண் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. மூணரை மணிக்கு முறுக்கு அடுப்பு குட்டியானை வண்டியில் வந்து மேலத்தெரு வாசலில் இறங்கியது. ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்து, ஆறு மணிக்கு அடுப்பை உள்ளே தள்ளிவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இசக்கியப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவனுக்கு என்னதான் தடை? குடை பிடிக்காமலா தினமும் வருகிறான்? யோசித்து யோசித்து ஒன்று தட்டுப்பட்டது. பந்தியில் முதல் ஆளாக உட்கார யாருக்கும் கூச்சம்தான். ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால் பின்னாலேயே வந்துவிடுவார்கள். ஆக, யாராவது ஒரு குடை வாங்கிக் காட்ட வேண்டும். சகலையும் மாசானமும் அடுப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரம், கம்ப்யூட்டரில் தன் பெயரையும் முகவரியையும் போட்டு ஒரு கறுப்புக் குடை வேண்டும் என்று அழுத்தினார்.

அழுத்திய கையை எடுக்கவில்லை, டிங் டிங் என்று மணி அடித்தது.

"விழுந்துட்டான் சகலை!" என்று கத்தினார் இசக்கியப்பன். "நான் வாங்கினதப் பாத்த மறு நிமிஷமே அவனும் வாங்கிட்டான்."

சீட்டு வந்தது. கொம்பையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "பேரு, இசக்கியப்பன். முகவரி, பதினாலு, பிள்ளையார்கோவில் தெரு. இது உம்ம வீடுல்லா?"

இசக்கியப்பன் பாவமாகச் சிரித்தார். "பேங்குல சலான் எப்படி எழுதணும்னு சுவத்துல மாதிரிக்கு ஒண்ணு ஒட்டியிருப்பான்லா? தெரியாத ஆளு அதுல இருக்க பேரையே பாத்து எழுதிக் கொடுத்துட்டுப் போவான். அதே மாதிரிதான். முத ஆர்டரு பாரும், என்ன எழுதன்னு தெரியாம என்னையப் பாத்து எழுதியிருக்கான்."

"அப்பம் குடைய எங்க கொண்டு கொடுக்க?" என்றார் மாசானம்.

நோட்டைப் புரட்டினார்கள். சீட்டில் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும், ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. அதில் சந்தேகமே இல்லை. குடையைக் காகிதத்தில் சுற்றி, பூக்கட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் போணி என்பதால் மாசானம் பன்னீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டார். மேலத்தெரு முக்குத் திரும்பி, பிள்ளையார்கோவில் தெருவுக்குள் வந்து, பதினாலாம் நம்பர் கதவை இசக்கியப்பன் மூன்று தடவை தட்டினார்.

அந்தக் கதவுதான்.

ஆவுடையம்மாள் கையெல்லாம் மாவோடு வந்து திறந்தாள். புருஷனைப் பார்த்தாள். பூக்கட்டிய பொட்டலத்தைப் பார்த்தாள்.

இசக்கியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்க இசக்கியப்பன்னு ஒருத்தரு இருக்காரா?"

ஆவுடையம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இருக்காவ. இப்பம் வெளிய போயிருக்காவ. என்ன விஷயம்?"

"குடைக்கு ஆர்டரு போட்டிருக்காரு. அவருதானான்னு உறுதி பண்ணணும். ஆளு எப்படி?"

"நல்ல ஆளுதான், குறை சொல்ல முடியாது. காலைல ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரத் தொறந்தா, அந்தக் குடைப் பக்கத்தையே தொறப்பாவ, மூடுவாவ, தொறப்பாவ. ஒரு மணிக்குச் சாப்பாடு. மூணு மணி வரைக்கும் உறக்கம். ராகுகாலத்துல மட்டும் அதத் தொடமாட்டாவ."

"அவனேதான்!" இசக்கியப்பன் சந்தோஷத்தில் கொம்பையாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஒன்பது மணி, ஒரு மணி, மூணு மணி, ராகுகாலம், அத்தனையும் அப்படியே இருக்கு. அவனேதான் சகலை."

"எப்பம் வருவாருன்னு கேளும்" என்றார் கொம்பையா.

"வந்ததும் அந்த அடுப்ப உள்ள தூக்கி வைக்கச் சொல்லுங்க அவியள" என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை.

"சொல்லிருதேன்" என்றார் இசக்கியப்பன். சொல்லிவிட்டுத் திரும்பினவர், நின்றார். ஒன்பது மணி என்று விரலை மடக்கினார். ஒரு மணி. மூணு மணி. ராகுகாலத்துக்கு வந்தபோது விரல் பாதியில் நின்றுவிட்டது. கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார், அதில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். இருபத்தேழு நாளாக வந்துபோய், ஊரெல்லாம் தேட வைத்த ஆள் ஒருவழியாகக் கிடைத்துவிட்டார்.

இசக்கியப்பன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மெள்ள இறக்கி விட்டார்.

வேட்டி இறங்கியதைக் கண்டதும் மாசானம் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் அவர் மேல் பன்னீரைத் தெளித்தார்.