கொட்டலசு ஏன் தலையால் ஒட்டிக் கிடக்கிறது

மீனும் மனுஷரும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போதெல்லாம் கொட்டலசுக்கு வீடும் கிடையாது, வாசலும் கிடையாது. இன்றைக்குப் படகின் அடியிலும் பாறையிலும் சொரசொரவென்று வெள்ளையாக ஒட்டிக் கிடக்கிறதே, காலைக் கிழித்தால் ஒரு வாரம் எரியுமே, அதே கொட்டலசுதான். காலையில் கழிமுகத்தில் பார்த்தால் மத்தியானம் நடுக்கடலில் நீந்திக்கொண்டிருக்கும். கொஞ்சம் உட்காரேன் என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்தக் கரையில் சந்தனமாரி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் அடைக்கலம். ஊருக்கு மொத்தம் ஏழு தோணிகள், அதில் ஒன்று அவனுடையது. கரைக்கு வரும் வழியில் ஒரு பாறைக் கூட்டம் உண்டு. வெயில் காலத்தில் அதனால் தொல்லை இல்லை. ஐப்பசி மழை இறங்கிச் சாயங்காலமே இருட்டிவிட்டால் பாறை எது, தண்ணீர் எது என்று தெரியாது. கரை கடலுக்குள் நீண்டிருக்கிற முனையில் பந்தம் கொளுத்தினால் காற்று அணைத்துவிடும். அடைக்கலம் கடலுக்குப் போன நாளெல்லாம் சந்தனமாரிக்குச் சோறு இறங்காது. மழைக்கும் காற்றுக்கும் அணையாத ஒரு வெளிச்சம் வேண்டும், வேண்டும் என்று மணலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள்.

தொட்டால் கை மரத்துப்போகுமே, அந்தத் திருக்கை ஒன்று அவளுக்கு வழி சொன்னது. தன் உடம்பில் இருக்கிற அதிர்ச்சி அலையில் உரசி உரசி வந்ததாம். கடல் தண்ணீரின் ஓட்டத்துக்குள் மின்னல் அடைந்து கிடக்கிறதாம். சுற்றுகிற ஒன்றை நட்டு வைத்தால் அதை எடுத்துக்கொள்ளலாமாம். சந்தனமாரி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நேரே கடலிடமே போய்க் கேட்டாள்.

“எடுத்துக்கோ, எனக்கு என்ன குறைஞ்சிடப்போகுது,” என்றது கடல். “ஆனா நீ கூப்பிட்ட நேரத்துக்கு வரமாட்டேன். போதும்னு சொன்னா நிக்கவும் மாட்டேன். உன் சாமான் உடைஞ்சா என்கிட்ட வந்து அழக் கூடாது.”

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆசைப்பட்டவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

முதல் சக்கரத்தை அலைக்கு நேராக நட்டாள். எட்டே நாளில் அலை அதை விறகாக்கிக் கரையில் போட்டது. இரண்டாவது சக்கரத்துக்கு இரும்பு ஆணி அடித்தாள். உப்பு ஒரே மாதத்தில் தின்று தீர்த்தது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. தினமும் இரண்டு தரம் நீர் ஏறி இரண்டு தரம் இறங்குகிற கழிமுகத்தின் இடுக்கில், புன்னைக் கட்டையில் செய்த சக்கரத்தை மர அச்சாணி போட்டு நிறுத்தினாள். அங்கிருந்து முனையின் உச்சிக்குச் செம்புக் கம்பி இழுத்து, அதன் நுனியில் ஒரு பளிங்குக் கல்லைக் கட்டினாள். சக்கரம் சுற்றியது, கல் எரிந்தது. எப்படி எரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எரிந்தது, அவ்வளவுதான். நீர் ஏறும்போதும் எரியும், இறங்கும்போதும் எரியும், நடுவில் ஓட்டம் நிற்கிற கொஞ்ச நேரம் அணைந்துவிடும். ஊர்க்காரர்கள் அதற்குத் தகுந்தாற்போலத் தோணி விடப் பழகிக்கொண்டார்கள்.

கொட்டலசுக்கு அந்தச் சக்கரத்தின்மேல் ஒரே பிரியம். ஓயாமல் சுற்றுகிற இன்னொன்றை அது அதுவரை பார்த்ததே இல்லை. எங்கே போனாலும் ஒரு நடை வந்து, ஏறி நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் ஏழு தோணிகளும் வெளியே இருந்தபோது வானம் கறுத்தது. காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. நீர் வேகமாக ஏறியதில் சக்கரத்தின் அச்சாணி ஆட்டம் கண்டு கழன்றுவர, முனையில் வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. சந்தனமாரி கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஆணியைக் கையால் அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் அவளைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டது. அப்போது கொட்டலசு பக்கத்தில் வந்தது.

“ஏலே, இந்த ஆணி நழுவாம உன்னால பிடிச்சுக்க முடியுமா?” என்று கேட்டாள்.

“நான் ஒரு இடத்துல நின்னதே இல்லையே அக்கா.”

“தோணி வர்ற வரைக்கும்தான். கடைசித் தோணி கரை தட்டினதும் நானே வந்து உன்னை எடுத்துவிடுறேன்.”

கொட்டலசு விலகி ஒரு சுற்று நீந்தியது. ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டாயிற்றே. ஆணிக்கும் கட்டைக்கும் நடுவே தலையைச் செருகியது. தலையிலிருந்து பசை கசிந்து இறுகியது, ஆணி நின்றது, கல் பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தோணிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஏழாவதாக வந்தவன் அடைக்கலம். அவனைப் பார்த்ததும் சந்தனமாரி அழுதாள், அவன் முதுகில் ரெண்டு வைத்தாள், திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தலை துவட்டிச் சுடுகஞ்சி கொடுத்தாள். மறுநாள் வலை கிழிந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் கூரை ஒழுகியது. கல்தான் ஒழுங்காக எரிகிறதே, அதைத் தாங்கி நிற்பது யார் என்று ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை.

பத்தாம் நாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவளுக்குச் சுரீர் என்றது. அருவாமனையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பசை கல்லாகியிருந்தது. கொட்டலசைச் சுற்றிக் கெட்டியான ஓடு ஒன்றும் வளர்ந்திருந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வர இழுத்தும் அது வரவில்லை.

“மறந்துட்டேன் தம்பி,” என்றாள்.

“ஏழு தோணியும் வந்துச்சு அக்கா. நீதான் வரலை,” என்றது கொட்டலசு. ஓட்டின் வாயைச் சாத்திக்கொண்டது.

செய்தி தண்ணீரோடு போனது. அதன் இனசனமெல்லாம் ஆயிரம் ஆயிரமாக வந்து பார்த்தன. சில ஆத்திரத்தில், சில அதற்குத் துணையாக, பக்கத்தில் பக்கத்தில் தலையை வைத்து ஒட்டிக்கொண்டன. சக்கரம் கனத்தது, தள்ளாடியது, நின்றேபோனது.

கார்த்திகையில் மறுபடியும் வானம் இருட்டியபோது சந்தனமாரி விடிந்ததிலிருந்து கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் சுரண்டினால் அந்தப் பக்கம் வந்து ஒட்டின. விரலெல்லாம் கிழிந்து, கடைசியில் சக்கரம் ஒரு முனகலோடு சுற்றி, கல் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஆறு தோணிகள் கரை சேர்ந்தன. அடைக்கலத்தின் தோணி வெளிச்சத்துக்கு முன்பே பாறைக்கு வந்துவிட்டது.

இனி அந்தச் சக்கரத்தை விட்டுவிடம்மா என்று ஊரே சொன்னது. அவள் கேட்கவில்லை. ஆறு தோணி வெளியே போகிறதே என்றாள். நீரோட்டம் தளர்கிற நாட்களில் தவறாமல் இறங்கி, மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே சுரண்டினாள். சுரண்டி முடித்த மறுநாளே அவை திரும்ப வந்தன.

ஓடித்திரிந்த கொட்டலசு தலையால் ஒட்டிக்கொண்டு, ஓட்டுக்கு வெளியே காலை நீட்டி ஓயாமல் உதைத்துக்கொண்டிருப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். கடலிலிருந்து மின்சாரம் எடுக்கச் சக்கரம் இறக்குகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், விளக்கு எரிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட முடியாமல், திரும்பத் திரும்பத் தண்ணீரில் இறங்கிக் கையால் சுரண்டுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.